தாரா, ஜிம்னியா, குர்காவா? தினமும் ஓட்ட எது சரிப்படும்?

ஞாயிற்றுக்கிழமை காலை, நாட்றம்பள்ளி வழியாக ஏலகிரிக்குத் திரும்பும் வண்டிகளைக் கவனித்தால் ஒரு மாற்றம் கண்ணில் படும். முன்பெல்லாம் ‘ஜீப்’ என்றாலே போலீஸ் அல்லது வனத்துறை வண்டிதான். இப்போது முப்பது வயதுகூட ஆகாத இளைஞர்கள் தாரிலும் ஜிம்னியிலும் குடும்பத்தோடு மலையேறுகிறார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள், பெங்களூரு ஐ.டி. வேலையிலிருந்து வார இறுதியில் ஊர் திரும்புபவர்கள் எனப் பலரின் கணக்கும் ஒன்றுதான். “மலை பக்கத்துலயே இருக்கு. வேலைக்கும் இதுலயே போயிட்டு வந்துடலாம். கெத்துக்குக் கெத்தும் ஆச்சு.”

இந்தக் கணக்கு சரியா? வாரத்தில் ஆறு நாள் நெடுஞ்சாலை, ஒரு நாள் மலை. அந்த ஒரு நாளை நினைத்து வண்டி வாங்கினால் மீதி ஆறு நாளும் என்ன ஆகும்? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டிய விஷயங்கள் இவை.

ஆஃப்ரோடு வண்டி என்றால் என்ன?

உயரமாக இருக்கும் எல்லா எஸ்யூவியும் ஆஃப்ரோடு வண்டி இல்லை. நிஜமான ஆஃப்ரோடு வண்டியில் மூன்று விஷயங்கள் இருக்கும். ஒன்று, லாரிக்கு இருப்பதுபோல் தனி இரும்புச் சட்டம், அதன்மேல் உடல். இரண்டு, தேவைப்படும்போது நான்கு சக்கரத்துக்கும் இழுவை தரும் ஃபோர் வீல் டிரைவ். மூன்று, ‘லோ ரேஞ்ச்’ கியர். வண்டி நடை வேகத்தில் போகும், ஆனால் சக்கரத்துக்குப் போகும் இழுவை பல மடங்காகும். சேறு, மணல், பாறை ஏற்றத்தில் இதுதான் காப்பாற்றும்.

கவனிக்க வேண்டிய ஒன்று: தார் என்று பெயர் இருந்தாலே ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. 2023 ஜனவரியில் வந்த 1.5 லிட்டர் டீசல் தாரில் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான் இழுவை. ஐந்து கதவு ராக்ஸிலும் பெட்ரோல் எஞ்சின் எடுத்தால் பின்சக்கர இழுவைதான். ஃபோர் வீல் வேண்டுமானால் டீசல்தான் எடுக்க வேண்டும். ஜிம்னியில் எல்லா மாடலிலும் ஃபோர் வீலும் லோ ரேஞ்சும் உண்டு.

இன்னொன்று, இந்த வண்டிகளில் ஃபோர் வீல் போட்டுக்கொண்டு காய்ந்த தார்ச்சாலையில் ஓட்டக் கூடாது. திருப்பத்தில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் சுற்ற வேண்டும். ஆனால் ஃபோர் வீல் போட்டதும் இரண்டு ஆக்சிலும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். பிடிப்புள்ள சாலையில் சக்கரம் வழுக்கிச் சரிசெய்துகொள்ள முடியாது. முறுக்கம் முழுக்க கியர் பாகங்களில்தான் ஏறும். அதாவது, நாட்றம்பள்ளியிலிருந்து ஆம்பூர் வரை நீங்கள் அதிகப் பணம் கொடுத்து வாங்கிய ஃபோர் வீல் சும்மாதான் கூட வரும்.

ஏலகிரி ஏற ஃபோர் வீல் வேணுமா?

வேண்டாம். சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். எல்லாமே தார்ச்சாலை. அரசுப் பேருந்தும் போகிறது, சின்ன ஆல்ட்டோவும் போகிறது. அங்கே தேவைப்படுவது சரியான கியரும் நல்ல பிரேக்கும். இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால், எந்த எஸ்யூவியாக இருந்தாலும் பிரேக் சூடாகி வலுவிழக்கும்.

அப்படியானால் யாருக்குத்தான் ஃபோர் வீல் வேண்டும்? வாணியம்பாடி அருகே நெக்னாமலையை நினைத்துப் பாருங்கள். சரியான சாலை இல்லாமல் நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்த ஊர் அது. அப்படிப்பட்ட மண்பாதையில் அடிக்கடி ஏறி இறங்கும் வேலை உங்களுக்கு இருந்தால், மழைக்காலத்தில் தோப்புக்குப் போகும் வழி சேறாகிவிடும் என்றால், ஃபோர் வீல் உங்களுக்கு உழைக்கும். போன வருடம் முழுக்க எத்தனை நாள் தார்ச்சாலையை விட்டு இறங்கினீர்கள்? விரலை மடக்கி எண்ணுங்கள். பத்தைத் தாண்டவில்லை என்றால் யோசிக்க வேண்டும்.

ஜிம்னி: இருவருக்கு வண்டி, நால்வருக்கு நெருக்கடி

2023 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னி 3,985 மி.மீ. நீளம். மூன்று கதவு தாரும் அதே நீளம்தான். வித்தியாசம் அகலத்தில். ஜிம்னி 1,645 மி.மீ., தார் 1,820, ராக்ஸ் 1,870. ஜிம்னிக்கும் ராக்ஸுக்கும் சுமார் ஒரு சாண் வித்தியாசம். ஆம்பூர் பஜாரில் எதிரே ஒரு லோடு ஆட்டோ வந்து நிற்கும்போது இந்த ஒரு சாணின் அருமை புரியும்.

எடை சுமார் 1,200 கிலோதான் என்பதால் மண்பாதையில் புதையாமல் ஏறிவிடும். ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் உண்டு. குறை என்ன? நான்கு பேர்தான் உட்காரலாம். பின்சீட்டை மடிக்காவிட்டால் டிக்கி 208 லிட்டர்தான். இரண்டு பெட்டி வைத்தால் நிறைந்துவிடும். 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் நகரத்துக்குப் போதும். ஆனால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் நான்கு கியர்தான் என்பதால் வேகம் கூடக்கூட எஞ்சின் சத்தமும் கூடும்.

தார், ராக்ஸ்: யார் பின்னாடி உட்காரப் போறாங்க?

2020 அக்டோபரில் வந்த இப்போதைய தலைமுறைத் தாரின் தரை இடைவெளி 226 மி.மீ. பெயர் தெரியாத வேகத்தடையிலும் அடி தட்டாது. 2020-லேயே குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது.

ஆனால் மூன்று கதவுத் தாரில் பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடித்து, காலைத் தூக்கி வைத்து உள்ளே நுழைய வேண்டும். சேலை கட்டிய அம்மாவும், முட்டி வலி உள்ள அப்பாவும் வாரத்துக்கு எத்தனை தடவை இதைச் செய்வார்கள்? கல்யாணத்துக்குக் கிளம்பும் நேரத்தில் வீட்டு வாசலிலேயே சண்டை வந்துவிடும்.

இதற்கு விடையாகத்தான் 2024 ஆகஸ்ட்டில் தார் ராக்ஸ் வந்தது. ஐந்து கதவு, ஐந்து பேர், 4,428 மி.மீ. நீளம், கையாளத் தகுந்த டிக்கி. அதே ஆண்டு நவம்பரில் பாரத் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. வீட்டில் ஒரே வண்டி, அதில் எல்லோரும் போக வேண்டும் என்றால், இந்த வரிசையில் ராக்ஸ்தான் முதலில் பார்க்க வேண்டியது. பதிலுக்குப் பெரிய டயர், அகலமான உடல், பார்க்கிங் தலைவலி.

குர்கா: தெரிந்தவர்களுக்கான வண்டி

ஃபோர்ஸ் குர்காவில் 2.6 லிட்டர் டீசல் எஞ்சின், முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக், தண்ணீர் புகாமல் உயரத்திலிருந்து காற்றை இழுக்கும் ஸ்நோர்கெல் எல்லாம் கம்பெனியிலிருந்தே வரும். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினாலும் மற்றவை வண்டியை இழுத்துவிடும். 2024-ல் வந்த ஐந்து கதவு மாடலில் ஏழு பேர் போகலாம். ஆனால் ஆட்டோமேட்டிக் கிடையாது. உயரம் 2 மீட்டருக்கும் மேல். பெங்களூரு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நிறுத்துபவர்கள் முதலில் கூரையை அளந்து பார்ப்பது நல்லது.

தண்ணீரில் இறங்கலாமா?

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். தார் 650 மி.மீ. ஆழம் வரை தண்ணீரில் போகும், குர்கா 700 மி.மீ. என்று கம்பெனிகள் சொல்கின்றன. இது தேங்கி நிற்கும் தண்ணீருக்கான கணக்கு. ஓடும் வெள்ளத்துக்கு இல்லை. சுமார் 30 செ.மீ. ஆழமுள்ள ஓடும் நீரே சின்ன காரை நகர்த்திவிடும். 60 செ.மீ. இருந்தால் எஸ்யூவியையும் இழுத்துக்கொண்டு போகும். டயர் பெரிதானால் மிதப்பதும் சுலபமாகிறது.

2021 நவம்பரில் பாலாறு எப்படிப் போனது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், எந்த வண்டியாக இருந்தாலும் திரும்பி வருவதுதான் சரி. “நம்மது தார்தானே” என்ற தைரியம்தான் அங்கே ஆபத்து.

மாதக் கணக்கு எவ்வளவு வரும்?

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான கார்களுக்குச் சாலை வரி 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். ஷோரூம் விலை 13 லட்சம் என்றால் வரி மட்டும் 2.34 லட்சம். இன்ஷூரன்ஸும் சேர்ந்தால் ரோட்டுக்கு வரும்போது 16 லட்சத்தை நெருங்கும்.

ஜிஎஸ்டியிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள்ளோ, டீசல் எஞ்சின் 1,500 சிசிக்குள்ளோ இருந்தால் 18 சதவீதம். மற்றவற்றுக்கு 40. அதனால் 1.5 டீசல் தார் 18 சதவீதத்தில் வருகிறது. சின்னதாகத் தெரியும் ஜிம்னி, 1.5 லிட்டர் பெட்ரோல் என்பதால் 40-க்குப் போய்விடுகிறது.

இப்போது 4 லட்சம் கையிலிருந்து போட்டு, 12 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடனாக எடுத்ததாக வைத்துக்கொள்வோம். மாத இஎம்ஐ சுமார் 24,900 ரூபாய்.

அடுத்து எரிபொருள். நாட்றம்பள்ளியிலிருந்து ஆம்பூர் போய் வர தினம் சுமார் 70 கி.மீ. மாதம் 25 நாள் என்றால் 1,750 கி.மீ. லிட்டருக்கு 14 கி.மீ. கிடைத்து, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 12,500 ரூபாய். லிட்டருக்கு 20 கி.மீ. தரும் சின்ன காரில் இதே தூரத்துக்கு 8,750 ரூபாய்தான். மாதம் 3,750, வருடத்துக்கு 45,000 ரூபாய் வித்தியாசம். பெட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கும் உடலை, காற்றை எதிர்த்து நெடுஞ்சாலையில் தள்ளுவதற்கான விலை இது.

இஎம்ஐயும் பெட்ரோலும் சேர்ந்து 37,400. கையில் வாங்கும் சம்பளம் 60,000 என்றால் பாதிக்கு மேல் வண்டிக்கே போகிறது. தங்கச்சி கல்யாணம், வீட்டு வாடகை எல்லாம் மீதியில்தான்.

வாங்கின பிறகு கம்பி, டயர் மாட்டலாமா?

முன்னால் மாட்டும் ‘புல் பார்’ கம்பிகளுக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. மோதலின்போது ஏர்பேக் சென்சார் சரியாக வேலை செய்யாமல் போகலாம். பாதசாரிக்கும் அடி அதிகம். வண்டியின் அமைப்பை ஆர்.சி. விவரத்துக்கு மாறாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கூறியது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் இது சிக்கலாகும்.

சரி, யாருக்கு எது?

தனியாக அல்லது ஜோடியாக, நெரிசலான தெருக்களில் ஓட்டி, அவ்வப்போது நிஜமாகவே மண்பாதையில் இறங்குபவர் என்றால் ஜிம்னி. அப்பா, அம்மா, குழந்தைகளோடு ஒரே வண்டி என்றால் ராக்ஸ். காட்டுப் பாதை வேலை இல்லையென்றால் பின்சக்கர இழுவையே போதும். வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருக்கிறது, இது ஆசைக்கு என்றால் மூன்று கதவு தார். தோப்பு, மலைக்கிராமம் என்று வேலையே அங்கேதான் என்றால் ஃபோர் வீல் தார் அல்லது குர்கா.

இதில் எதிலும் நீங்கள் இல்லை, வருடத்துக்கு நான்கு தடவை ஏலகிரி, ஒரு தடவை ஜவ்வாது மலை அவ்வளவுதான் என்றால், நல்ல மோதல் சோதனை மதிப்பெண் உள்ள சாதாரண கார் போதும்.

டெஸ்ட் டிரைவ் எடுக்கும்போது ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டுத் திரும்பாதீர்கள். நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பின்சீட்டில் அப்பாவையும் அம்மாவையும் உட்கார வையுங்கள். வண்டியை விட்டு இறங்கியதும் அவர்கள் இடுப்பைப் பிடித்தால் உங்களுக்கான பதில் அங்கேயே கிடைத்துவிடும்.