இல்வாழ்க்கையின் பருவங்களும் தேவைகளும்

இல்வாழ்க்கை என்றும் ஒரு நிலையிலேயே நிற்பதன்று. மணத்திற்கு முன் பொருளீட்டுவார்க்கு வேண்டுவது வேறு. இளமகவை ஏந்திய தாய்க்கு வேண்டுவது வேறு. பயிலும் மக்களையும் முதிர்ந்த பெற்றோரையும் ஒருங்கே காப்பார்க்கு வேண்டுவது வேறு. திருக்குறளில் இல்வாழ்க்கை, வாழ்க்கைத் துணைநலம், புதல்வரைப் பெறுதல் எனப் பரிமேலழகர் தலைப்பிட்ட மக்கட்பேறு என்னும் மூன்றும் 5, 6, 7ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்றலும், கடமைகள் ஒன்றன்பின் ஒன்றாய் விரிதலைக் காட்டும்.

இவ்வேறுபாட்டைத் தெளியக் காண்டற்குரிய இடம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதியாகும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும் கார் செய்யத் தொடங்கின. மின்னணு ஆலைகளும் பெருகின. அவற்றிற் பணிபுரிய, தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்து இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து விடுதிகளில் தங்கலாயினர்.

முதற்பருவத்தினராகிய இவர்க்கு வேண்டுவன நல்லுணவு, தூய நீர், அச்சமின்றித் துயிலும் இடம் என்பனவாம். 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 150க்கு மேற்பட்டோர் மருத்துவமனை புக, உடன்பணிபுரிவார் நெடுஞ்சாலையை மறித்தமை இத்தேவையின் வன்மையை உணர்த்திற்று. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குதற்குரிய சிப்காட் குடியிருப்பு, ரூ. 706.50 கோடிச் செலவில் திறக்கப்பட்டது.

இனி, மணமும் மகப்பேறும் எய்தியவழி இவ்விடுதியே போதுமோ எனின், போதாது. விடுதிக் கட்டில் ஒருவர்க்கே உரியது. கணவனையும் மகவையும் ஏற்பதன்று. மணமான பெண்கள் பணிக்கு எடுக்கப்படாமல் விலக்கப்படுகின்றனர் என 2024 ஜூனில் ராய்ட்டர் செய்தி வெளியிட்டது. பாக்ஸ்கான் அதனை மறுத்தது. மத்திய அரசு மாநிலத்தை அறிக்கை கேட்டது. மகப்பேற்று நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதலிரு மகப்பேற்றுக்கும் உரிய விடுப்பு 12 வாரத்தினின்றும் 26 வாரமாயிற்று. 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களிற் குழந்தைக் காப்பகமும் விதிக்கப்பட்டது. ஆயினும் 27ஆம் வாரத்தில் மகவு தன்னைத் தான் காத்துக்கொள்ளுமாறில்லை. இரவு ஷிப்டில் நிற்கும் தாய்க்குப் பகலில் மட்டும் திறக்கும் காப்பகத்தாற் பயன் யாது? பிள்ளையை ஊரிலுள்ள பாட்டியிடம் விடுதல், அன்றி வேலையை விடுதல் என்னும் இரண்டனுள் ஒன்றே எஞ்சும்.

மூன்றாம் பருவத்திலோ, அண்மையிற் பள்ளி, குறைந்த வாடகை வீடு, மூத்தோர்க்கு மருத்துவம், அவர்தம் நோய்க்காலத்து விடுப்பு என்பன வேண்டப்படும்.

அற்றேல், இவையெல்லாம் குடும்பத்தார் தாமே தேடிக்கொள்ளற்பாலன. ஆலைக்கும் அரசுக்கும் இவற்றான் ஆவதென்னை எனின், அற்றன்று. கைத்திறன் ஆண்டுகள் பல பழகி வருவது. மகப்பேற்றோடு ஒருத்தி பணி நீங்கின், குடும்பம் ஊதியத்தை இழக்கும். ஆலை தேர்ந்த கையை இழக்கும். ஆகலின், முதற்பருவத்திற்கு விடுதி அமைத்தாங்கு, பின்வரும் பருவங்கட்கு வீடும் காப்பகமும் பள்ளியும் அமைத்தலே முறையாம். விடுதியில் இன்று துயில்வாள் நாளை தாயாவாள் என்பதை முன்னறிந்து அமைப்பதே முழுமையான அமைப்பு என்க.