புயல் கடவுளின் தண்டனையா?



2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைக் கலக்கியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பங்குகளில் பல வீடுகளுக்குத் தந்தையோ மகனோ திரும்பி வரவில்லை. “இது கடவுளின் தண்டனையா சாமி?” என்று கேட்பவர்கள் உண்டு.

கடல்நீர் ஏறக்குறைய 26 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும்போது, ஈரக்காற்று மேலே எழுகிறது. அது குளிர்ந்து மேகமாகையில் வெளிப்படும் வெப்பம், இன்னும் அதிகக் காற்றை மேலே இழுக்கிறது. கீழே அழுத்தம் குறைகிறது. சுற்றியுள்ள காற்று அங்கே பாய்கிறது. பூமி சுழல்வதால் அந்தக் காற்றும் சுழல்கிறது. சூடான கடல்தான் புயலுக்கு உணவு. கரையேறினால் தளர்ந்துவிடும். இதில் யாருடைய பாவமும் இல்லை.

ஒக்கி ஏறக்குறைய ஒரே நாளில் தாழ்வு மண்டலத்திலிருந்து புயலாக வலுத்தது. பல நாள் முன்பே ஆழ்கடல் சென்றவர்களிடம் இருந்த வயர்லெஸ் கருவி குறைந்த தூரமே எட்டும். எச்சரிக்கை அவர்களைச் சேரவில்லை.

கலிலேயக் கடலில் சீடர்கள் கூப்பிட்டபோது, ஆண்டவர் அதே படகில் இருந்தார், எழுந்தார். கடலில் கூப்பிடுகிறவரின் குரல் கரைக்குக் கேட்க வழிசெய்வது நம் பொறுப்பு. சங்கரன்கோவிலில் கடல் இல்லை. ஆனால் கடலோரத்தில் நமக்கு உறவுகள் உண்டு. அவர்களிடம் சொல்லுங்கள்: எச்சரிக்கை வந்தால் வலை போனாலும் போகட்டும், நீங்கள் கரைக்கு வாருங்கள்.

இறந்தோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிப்போம். ஆமென்.