இட்டேரியில் மிதிவண்டி



மிதிவண்டி நமக்குப் புதிய பொருளன்று. நம்மில் பலர் நாள்தோறும் அதில்தான் பள்ளிக்கு வருகிறோம். ஆனால் தார்ச்சாலையை விட்டு இறங்கி, மண்பாதையிலும் குளக்கரையிலும் கல் கரட்டிலும் செல்வதற்கென்றே ஒருவகை மிதிவண்டி உண்டு. அதனை மலை மிதிவண்டி என்பர். அதைப் பற்றியும், அதற்கேற்ற வழிகள் நம் மங்கலத்தைச் சுற்றியே இருப்பது பற்றியும் நாங்கள் அறிந்தவற்றை இங்கே கூற விரும்புகிறோம்.

நாங்கள் இதை ஆராயத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீடு பள்ளியிலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவில் தோட்டத்துச் சாளையில் இருக்கிறது. காலையில் வரும் பேருந்தை விட்டால் அடுத்த பேருந்துக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். மிதிவண்டியில் வரலாம் என்றால், பெரிய சாலையில் நூல் மூட்டை ஏற்றிய லாரிகளும் கம்பெனி வேன்களும் விரைகின்றன. "அந்த ரோட்டுல உன்னைய எப்படி அனுப்பறது, கண்ணு?" என்று அவள் தந்தை மறுத்துவிட்டார். அவர் அச்சத்தில் தவறில்லை. அப்படியானால் வேறு வழி இல்லையா? இந்தக் கேள்விதான் எங்களை இந்தக் கட்டுரைக்கு அழைத்து வந்தது.

மலை மிதிவண்டி பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டமல்பயஸ் என்றொரு மலை உள்ளது. 1970-களில் அங்கிருந்த இளைஞர் சிலர், தடித்த டயர் கொண்ட பழைய மிதிவண்டிகளைத் தேடிப் பிடித்து, மலைப்பாதையில் இறங்கி விளையாடினர். 1976 அக்டோபரில் அம்மலைக்கு அருகே முறையான பந்தயம் ஒன்று நடந்தது. செங்குத்தான இறக்கத்தில் பின்சக்கரத்து பிரேக் சூடேறி, அதிலுள்ள கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிய கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால், 'மறுபடி அடைத்தல்' என்ற பொருளில் 'ரீபேக்' என்றே அப்பந்தயத்திற்குப் பெயராயிற்று. அக்கூட்டத்தில் வெண்டி கிராக் என்ற பெண்மணியும் வண்டி ஓட்டினார். அக்காலத்துக் காட்சிகளைப் புகைப்படமாக எடுத்து வைத்தவரும் அவரே. இருபது ஆண்டுகளில், 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு ஆண்கள், பெண்கள் இருபாலாருக்கும் இடம்பெற்றது. பெண்கள் பிரிவில் இத்தாலியின் பவோலா பெட்சோ தங்கம் வென்றார்.

சாதாரண வண்டிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? முதலாவது, டயர். அகலமான, கட்டை கட்டையான பூக்கள் கொண்ட டயர் மண்ணைப் பற்றிக்கொள்ளும். காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால், டயர் தரையில் பரந்து பதிந்து வழுக்காமல் செல்லும். இரண்டாவது, கியர். 26 அங்குலச் சக்கரம் ஒருமுறை சுழன்றால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நகரும். முன்னே 44 பல்லும் பின்னே 11 பல்லும் உள்ள சக்கரங்களில் சங்கிலி ஓடினால், ஒரு மிதிக்குப் பின்சக்கரம் நான்கு முறை சுழலும். எட்டு மீட்டர் போய்விடலாம். சமதளத்திற்கு அது சரி. மேட்டில் கால் வலிக்கும். முன்னே 24 பல்லும் பின்னே 32 பல்லுமாக மாற்றினால், ஒரு மிதிக்கு முக்கால் சுற்றுத்தான்; ஒன்றரை மீட்டரே நகரும். ஆனால் மிதிப்பது எளிதாகிவிடும். தூரத்தை விட்டுக்கொடுத்து வலிமையைப் பெறுகிறோம். இயற்பியல் பாடத்தில் கற்ற நெம்புகோலின் தத்துவமே இது.

இவ்வளவு விலை கொடுத்து வாங்க நம்மால் இயலுமா என்று கேட்பீர்கள். கவலை வேண்டாம். நம் பகுதி பெரும்பாலும் சமவெளி. கியர் இல்லாத சாதாரண வண்டியே போதும். தமிழக அரசு 2001-ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அந்த வண்டிகளே இன்று பல வீடுகளில் நிற்கின்றன.

இனி, வழிக்கு வருவோம். கொங்கு நாட்டில் 'இட்டேரி' என்ற சொல்லை அறியாதார் இரார். இரு தோட்டங்களுக்கு இடையே, இருபுறமும் கிளுவை வேலி அமைந்த மண்தடமே இட்டேரி. மாட்டு வண்டியும் ஆட்டு மந்தையும் சென்ற பாதை அது. வேலியில் பிரண்டையும் கோவைக்கொடியும் படர்ந்திருக்கும். கீரியும் ஓணானும் கௌதாரியும் அங்கே குடியிருக்கும். மேலைநாட்டார் மலையில் தேடிச் சென்ற மண்பாதை நமக்கு ஊரைச் சுற்றியே கிடைக்கிறது என்றால் மிகையாகாது.

மங்கலம் நொய்யலின் கரையில் உள்ள ஊர். வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோயம்புத்தூரைக் கடந்து, சாமளாபுரம் வழியாக நம் ஊருக்கு வந்து, திருப்பூரைத் தாண்டி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலக்கிறது. நம் ஊரிலிருந்து மேற்கே சென்றால் சாமளாபுரம் குளம். வழியெங்கும் விசைத்தறியின் ஓசை கேட்கும். கிழக்கே சென்றால் ஆண்டிபாளையம் குளம். இவ்விரண்டும் பழகத் தொடங்குவோர்க்கு ஏற்றவை. இன்னும் தொலைவு செல்ல வல்லவர்கள் திருப்பூருக்கு அப்பாலுள்ள நஞ்சராயன் குளத்திற்குப் பெரியவர்களின் துணையோடு செல்லலாம். அது 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாயிற்று. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்து அங்கே வந்து தங்குவதுண்டு.

மண்பாதையில் செல்வோர் சிலவற்றை நினைவிற் கொள்ள வேண்டும். நம் பகுதியில் பெரும்பகை முள். வேலமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் டியூபைத் துளைத்துவிடும். எனவே காற்றடிக்கும் பம்பும், பஞ்சர் ஒட்டும் பசையும், உப்புத்தாளும் உடனிருக்க வேண்டும். ஒட்டக் கற்றுக்கொள்வது கடினமன்று. நாங்கள் ஐவரும் ஒரே மாலையில் கற்றோம். மழை பெய்த மறுநாள் கரிசல் நிலத்தில் இறங்கலாகாது. மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டி நகராது. துப்பட்டாவை இறுகக் கட்டுதல் வேண்டும். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் தலைகுப்புற விழ நேரும். இரண்டையும் சேர்த்து மெல்லப் பிடிக்க வேண்டும். தனியே போகாமல் கூட்டமாகப் போவதும், போகும் வழியை வீட்டில் சொல்லிவிட்டுப் போவதும் கட்டாயம்.

பெண்கள் மிதிவண்டி ஏறியதால் ஒரு மாவட்டமே மாறிய வரலாறு நம் தமிழ்நாட்டில் உண்டு. அது கடற்கரையும் வறண்ட சிற்றூர்களும் சேர்ந்த புதுக்கோட்டை மாவட்டம். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்தார். 1992-இல் உலக மகளிர் தினத்தையொட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு ஊர்வலம் சென்றபோது ஊரே வியந்து நின்றது. பெண்களுக்கான வண்டி போதாதபோது ஆண்கள் வண்டியையே ஓட்டினர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியோரும் இருந்தனர். பேருந்துக்காகக் காத்திருந்த நேரம் மிச்சமாயிற்று. விளைபொருளைக் கூடுதலான ஊர்களுக்குக் கொண்டு சென்று விற்க முடிந்தது. ஏளனம் செய்தோரும் இல்லாமல் இல்லை. அதற்காக அவர்கள் வண்டியை விட்டு இறங்கவில்லை.

எங்கள் தோழியின் கதைக்கு வருவோம். அவளுடைய அப்புச்சியிடம் கேட்டபோது, "எங்க காலத்துல சந்தைக்குப் போற வண்டியெல்லாம் இட்டேரியிலதானே போச்சு, அம்மிணி" என்று கூறி, வழியைத் தரையில் குச்சியால் கீறிக் காட்டினார். ஒரு ஞாயிறு காலை நாங்கள் ஐவரும் அவ்வழியே சென்று பார்த்தோம். ஓரிடத்தில் வேலி நகர்ந்து வந்து, தடம் வண்டியைத் தூக்கிக் கடக்கும் அளவுக்குக் குறுகியிருந்தது. ஓரிடத்தில் குப்பை கொட்டப்பட்டு வழி அடைபட்டிருந்தது. மற்றபடி பெரிய சாலையில் அரைக் கிலோமீட்டர் மட்டுமே செல்ல நேர்ந்தது. மறுவாரம் அவள் தந்தை தம் மொபெட்டில் எங்கள் பின்னாலேயே வந்து முழு வழியையும் பார்த்தார். பள்ளி வாசலில் இறங்கி, "சாயங்காலம் அஞ்சரைக்குள்ள வந்துரோணும்" என்று மட்டும் சொன்னார். இப்போது அவள் எங்களோடுதான் வருகிறாள்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய சாலையைக் கண்டு அஞ்சி எங்கள் வண்டியைப் பூட்டிவிடாதீர்கள்; ஒருமுறை எங்களோடு வந்து வேறு வழி பாருங்கள். நிலமுடையோர்க்கும் ஒரு வேண்டுகோள். வேலியை ஓர் அடி தள்ளிப் போடும்போது, அவ்வழியே ஒரு பெண் பள்ளிக்குச் செல்கிறாள் என்பதை எண்ணிப் பாருங்கள். தோழியரே, உங்கள் வீட்டுப் பெரியோரிடம் பழைய இட்டேரிகளைக் கேட்டறிந்து எங்களுக்குச் சொல்லுங்கள். மங்கலத்தைச் சுற்றியுள்ள வழிகளையெல்லாம் ஒரு படமாக வரைந்து பள்ளி அறிவிப்புப் பலகையில் வைக்க எண்ணியுள்ளோம். அதில் உங்கள் ஊரின் வழியும் இடம்பெறட்டும்!