பெட்டியைப் பிரித்துவிட்டால் உரிமை போய்விடுமா?

கைப்பேசியில் சாமான் வாங்கும் குடும்பங்கள் தெரிந்து கொள்ள வேண்டிய சட்டம்

சந்தைக்குப் போகிறோம். வெண்டைக்காயின் முனையை ஒடித்துப் பார்க்கிறோம். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம். கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்து ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிறோம். கடைக்காரர் கோபித்துக் கொள்வதில்லை. "நல்லாப் பாத்து எடுத்துக்குங்க, அம்மிணி" என்றுதான் சொல்கிறார்.

பார்த்து வாங்குவது நம் பழக்கம். பார்க்காமல் வாங்குகிறவரை ஊரே ஏமாளி என்று சொல்லும்.

இன்று காலம் மாறிவிட்டது. காரமடையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே டெல்லியில் உள்ள சாமானை வாங்கலாம். கைப்பேசியில் படம் தெரிகிறது. விலை தெரிகிறது. விரலால் தொட்டால் போதும். நாலைந்து நாளில் பெட்டி வாசலுக்கு வந்து விடுகிறது.

ஆனால், முறை தலைகீழாகிவிட்டது. முன்பு பொருளைப் பார்த்தோம். பிறகு பணம் கொடுத்தோம். இப்பொழுது பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் பொருளைப் பார்க்கிறோம். பெட்டியைப் பிரித்தால்தானே உள்ளே இருப்பது தெரியும்?

தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு குடும்பம் மிக்சி வாங்கியது என்று வைத்துக் கொள்வோம். பெட்டியைப் பிரித்தார்கள். ஜாரில் விரிசல்! உடனே புகார் செய்தார்கள். "சீல் உடைக்கப்பட்டுவிட்டது. திருப்பி எடுத்துக் கொள்ள இயலாது" என்று பதில் வந்தது.

இது நியாயமா? சீலை உடைத்தால் உரிமையும் உடைந்து போய்விடுமா?

இல்லை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1930-ம் ஆண்டுச் சட்டம்

பொருளைக் காணாமல் வாங்குவது புதிய வழக்கம் அல்ல. பத்திரிகையில் விளம்பரத்தைப் பார்த்துக் கடிதம் எழுதுவார்கள். வி.பி.பி. பார்சல் வரும். தபால்காரரிடம் பணத்தைக் கட்டினால்தான் பார்சல் கைக்குக் கிடைக்கும். கடிகாரம் கேட்டவருக்குக் கல் வந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அந்த நாளிலேயே நம் நாட்டில் ஒரு சட்டம் உண்டு. அதன் பெயர் சரக்கு விற்பனைச் சட்டம். ஆண்டு 1930. அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அதன் 41-வது பிரிவு என்ன சொல்கிறது? முன்பு பார்க்காத சரக்கு ஒருவரிடம் வந்து சேர்ந்தால், அது பேசியபடி இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க அவருக்கு நியாயமான வாய்ப்பு வேண்டும். அந்த வாய்ப்புக் கிடைக்கும் வரையில், அவர் சரக்கை ஏற்றுக் கொண்டதாகக் கருதக் கூடாது.

அதாவது, பெட்டியைக் கையில் வாங்குவது வேறு; சரக்கை ஏற்றுக் கொள்வது வேறு. பெட்டியைப் பிரிப்பது குற்றமல்ல. அது சோதித்துப் பார்க்கும் வழி.

42-வது பிரிவையும் கவனிக்க வேண்டும். பொருளை வைத்துக் கொண்டு, நியாயமான காலம் கடந்தும், வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தால், ஏற்றுக் கொண்டதாகவே ஆகிவிடும். பிரிப்பதால் கெட்டுப் போவதில்லை. சும்மா இருப்பதால்தான் காரியம் கெடுகிறது!

43-வது பிரிவு இன்னும் சுவையானது. வேண்டாம் என்று சொல்ல உரிமை உள்ளவர், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பொருளைத் தூக்கிச் சென்று திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. "ஏற்க மறுக்கிறேன்" என்று விற்றவருக்குத் தெரிவித்தால் போதும்.

புதிய சட்டம், புதிய விதி

நுகர்வோர் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் 1986-ல் வந்தது. அந்தச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்த நாள் டிசம்பர் 24. அதனால்தான் அந்த நாளைத் தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அதற்குப் பதிலாக 2019-ல் புதுச் சட்டம் இயற்றினார்கள். அது 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆன்லைன் வியாபாரத்துக்கான தனி விதிகளும் அதே மாதம் வெளியாயின.

அந்த விதிகளின்படி விற்பனையாளர் எப்போதெல்லாம் பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது, தெரியுமா?

பொருள் பழுதாக இருந்தால்.

பொருள் போலியாக இருந்தால்.

விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால்.

சொன்ன தேதிக்குப் பிறகு வந்து சேர்ந்தால். வெள்ளம், புயல் போன்ற தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதம் ஏற்பட்டால் மட்டும் விலக்கு உண்டு.

இந்த நான்கில் எதிலும், "பெட்டியைப் பிரிக்காமல் இருந்தால் மட்டும்" என்ற நிபந்தனை கிடையாது.

ரசீதில் "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று எழுதியிருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. பழுதான பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள் திரும்ப எடுத்துப் பணத்தைக் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று வைத்துக் கொள்ள வேண்டும். ரசீது கொடுக்காமல் இருப்பதும் முறையற்ற வணிகம்தான்.

மனம் மாறினால் என்ன?

இங்கே ஒரு வித்தியாசத்தைப் புரிந்து கொள்ள வேண்டும். இதில்தான் பலர் குழம்புகிறார்கள்.

பச்சைச் சேலை கேட்டோம். பச்சைச் சேலையே வந்தது. கிழிசல் இல்லை, கறை இல்லை. ஆனால், வீட்டில் ஒருவர், "இந்தப் பச்சை உனக்கு எடுப்பாக இல்லை" என்று சொல்லிவிட்டார். திருப்பி அனுப்ப உரிமை உண்டா?

நம் நாட்டில் இதற்குச் சட்ட உரிமை இல்லை. பொருளில் குறை இல்லாதபோது, நிறுவனம் தானாகக் கொடுத்த வாக்குறுதி மட்டுமே நமக்குத் துணை. "7 நாளில் திருப்பலாம்", "10 நாளில் மாற்றலாம்" என்று எழுதியிருந்தால் அதைப் பிடித்துக் கொள்ளலாம். எழுதிய வாக்கை நிறுவனம் மீறக் கூடாது. "சீட்டு கிழியாமல் இருக்க வேண்டும்" என்று நிபந்தனை போட்டிருந்தால் நாமும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

ஆகவே, வாங்குவதற்கு முன்பு திருப்பும் நிபந்தனையைப் படியுங்கள். அதை வாங்குகிறவருக்குத் தெரியும்படி காட்ட வேண்டியது நிறுவனத்தின் கடமை. விற்பனையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். எந்த நாட்டில் செய்த பொருள் என்பதும் தெரிய வேண்டும்.

ஐரோப்பாவில் ஒரு மெத்தை வழக்கு

ஐரோப்பிய நாடுகளில் முறை வேறு. அங்கே ஆன்லைனில் வாங்கியவர் காரணம் எதுவும் சொல்லாமலே 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். சுகாதாரம் கருதி முத்திரையிட்ட பொருளைப் பிரித்துவிட்டால் அந்த உரிமை இல்லை.

ஜெர்மனியில் ஒருவர் ஆன்லைனில் மெத்தை வாங்கினார். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். பிறகு வேண்டாம் என்றார். "உடம்பு படுகிற பொருள். உறையைப் பிரித்தாகிவிட்டது. எடுக்க மாட்டோம்" என்றது நிறுவனம்.

வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரையில் போயிற்று. 2019 மார்ச் 27-ல் தீர்ப்பு வந்தது. மெத்தையும் துணி போலத்தான். துணியைப் போட்டுப் பார்த்துத் திருப்பித் தந்தால் சுத்தம் செய்து விற்பது போல, மெத்தையையும் சுத்தம் செய்து விற்க முடியும். உறையைப் பிரித்ததால் மட்டும் உரிமை போகாது என்றது நீதிமன்றம்.

அந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது. ஆனால், பிரித்துப் பார்ப்பது வேறு, பயன்படுத்தித் தேய்ப்பது வேறு என்ற நியாயம் எல்லா ஊருக்கும் ஒன்றுதானே!

அடுப்பேறிய குக்கர்

நம் நாட்டிலேயே ஒரு நிகழ்ச்சி நடந்தது. வீட்டுப் பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2021 பிப்ரவரி முதல் விதி இருக்கிறது. அந்த விதிக்கு உட்படாத குக்கர்கள் ஆன்லைனில் விற்பனையாயின.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தது. 2022 ஆகஸ்டில் அமேசான் நிறுவனத்துக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அந்த மேடையில் விற்ற 2,265 குக்கர்களையும் திரும்பப் பெற வேண்டும், வாங்கியவர்களுக்குப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அதே மாதத்தில் பிளிப்கார்ட் நிறுவனத்தின் மீதும் இதே போன்ற ஆணை பிறந்தது. அங்கே 598 குக்கர்கள். ஆணையை எதிர்த்து அமேசான் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. குக்கரைப் பெட்டியோடு பரணில் வைத்திருக்கும் வீடு எங்கே உண்டு? வாங்கிய மறுநாளே அது அடுப்பேறியிருக்கும். ஆனாலும், ஆபத்தான பொருள் என்றால், பிரித்ததையும் பயன்படுத்தியதையும் பார்க்காமல் திரும்பப் பெறச் சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

யாரிடம் கேட்பது?

பெட்டி கொண்டு வந்த தம்பியிடம் சண்டை போடுவதில் பயன் இல்லை. "நான் கொண்டாந்து குடுக்கறவன் மட்டுந்தானுங்க, அக்கா" என்று அவர் சொல்வது உண்மை. கேட்க வேண்டிய இடம் வேறு. படிப்படியாகப் போக வேண்டும்.

முதல் படி: பெட்டியைப் பிரிக்கும்போதே கைப்பேசியில் படம் பிடியுங்கள். பெட்டியின் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டும் படத்தில் தெரியட்டும். வீடியோ எடுக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பெட்டியையும் ரசீதையும் எறிந்துவிடாதீர்கள்.

இரண்டாம் படி: அன்றைக்கே நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக் கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

மூன்றாம் படி: பதில் இல்லையா? 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது தேசிய நுகர்வோர் உதவி மையம். கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம். அவர்கள் உங்கள் புகாரை நிறுவனத்துக்கு எடுத்துச் சொல்லிச் சமரசம் செய்ய முயல்வார்கள்.

நான்காம் படி: அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காரமடைக்காரருக்கு அது கோவையில் இருக்கிறது. நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் சரி, டெல்லியில் இருந்தாலும் சரி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019-ம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய உதவி இது. முன்பு எதிராளி இருக்கும் ஊரையோ, வியாபாரம் நடந்த ஊரையோ தேட வேண்டியிருந்தது.

கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையில் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நீங்களே வாதாடலாம். இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தின் மூலம் வீட்டிலிருந்தே மனுத் தாக்கல் செய்யவும் வழி உண்டு. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.

ஆணையத்தின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரையில் சிறையோ, 25 ஆயிரம் முதல் 1 லட்சம் ரூபாய் வரையில் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

ஒரு சந்தேகம் எழலாம். தையல் மிஷின் வாங்கி வீட்டில் தைத்துப் பிழைக்கும் பெண் நுகர்வோரா, வியாபாரியா? அவர் நுகர்வோர்தான். சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக வாங்கிய பொருளுக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. வாங்கி விற்கும் வியாபாரிக்குத்தான் அது கிடையாது.

மோசடி எண் ஜாக்கிரதை!

பணத்தைத் திரும்பப் பெறும் அவசரத்தில் இணையத்தில் கண்ட எண்ணுக்கெல்லாம் போன் செய்யாதீர்கள். "வாடிக்கையாளர் சேவை" என்ற பெயரில் மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். ஓ.டி.பி. எண்ணைக் கேட்பார்கள். சொன்னால் வங்கிக் கணக்கில் உள்ளதும் போய்விடும். நிறுவனத்தின் செயலியில் உள்ள எண்ணை மட்டுமே நம்புங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

நமக்கும் கடமை உண்டு

உரிமையைப் பற்றிப் பேசினோம். கடமையையும் பேச வேண்டும் அல்லவா?

காரமடைக்குப் பக்கத்தில்தான் சிறுமுகை இருக்கிறது. அங்கே நெய்யும் பட்டுச் சேலைகள் இன்று கைப்பேசி மூலம் எங்கெங்கோ போகின்றன. ஒருவர் சேலையை வாங்கிக் கல்யாணத்துக்குக் கட்டிக் கொண்டு, பிறகு மடித்து "வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினால் நஷ்டம் யாருக்கு? தறியில் உட்கார்ந்த குடும்பத்துக்கு!

பிரித்துப் பார்ப்பது உரிமை. அனுபவித்துவிட்டுத் திருப்புவது ஏமாற்று. அதே சமயம், தொழிலாகத் தொடர்ந்து ஆன்லைனில் விற்கிறவரும், படத்தில் ஒரு நிறம், பெட்டியில் ஒரு நிறம் என்று அனுப்பக் கூடாது. சட்டம் அவரையும் கட்டுப்படுத்தும்.

புகார் எழுதுவது எப்படி?

நீளமாக எழுத வேண்டாம். வைய வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"நான் இன்ன தேதியில், இன்ன ஆர்டர் எண்ணில், இவ்வளவு ரூபாய்க்கு இந்தப் பொருளை வாங்கினேன். இன்ன தேதியில் வந்து சேர்ந்தது. பிரித்துச் சோதித்தபோது இன்ன குறை இருந்தது. படங்களை இணைத்துள்ளேன். இந்தப் பொருளை நான் ஏற்கவில்லை. இதை எடுத்துக் கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இந்தப் புகாரைப் பெற்றுக் கொண்டதற்கு 48 மணி நேரத்துக்குள் பதில் தாருங்கள்."

"ஏற்கவில்லை" என்ற சொல் முக்கியம். அதை விட்டுவிடாதீர்கள்.

இருநூறு ரூபாய்ச் சாமானுக்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். அப்படி நினைத்துப் பலர் விட்டுவிடுவதால்தான் பழுதான சரக்கு மறுபடியும் வேறொரு வீட்டு வாசலுக்குப் போகிறது. எழுதுவதற்குப் பத்து நிமிடம் ஆகும். பள்ளியில் படிக்கும் பிள்ளையை எழுதச் சொன்னால் அதற்கும் ஒரு பாடம் ஆகும்.

1915. இந்த எண்ணைச் சமையலறைக் காலண்டரில் இன்றே எழுதி வையுங்கள்.