பழைய காருக்கு அதன் பழைய ரேடியோ



சரக்கில் அசல் எது, கலப்படம் எது என்று பார்த்தே பழகியவர்கள் நாம். சொந்த வீட்டுப் பொருள் என்று வரும்போது மட்டும் அந்தக் கண் நமக்கு வேலை செய்வதில்லை. முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. காரிலிருந்து கழற்றிய ரேடியோவைப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பொருத்தியபோது தெரிந்துகொண்ட விவரங்களை இங்கே தருகிறோம். பழைய வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு உதவும்.

எங்கள் தந்தையார் 1971ஆம் ஆண்டு மாடல் அம்பாசடர் மார்க் 2 வைத்திருந்தார். செங்குன்றம் நெல் மண்டிக்கும் திருவள்ளூருக்கும் அதில்தான் போய் வருவார். வானொலியில் விலை நிலவரம் சொல்லும்போது வண்டியில் யாரும் வாய் திறக்கக் கூடாது. 1986இல் டேப் ரிகார்டர் மோகத்தில் ரேடியோவை எடுக்கச் சொன்னவர்கள் நாங்கள்தான். டேப் நுழையவில்லை என்று பட்டறையில் டேஷ்போர்டையும் அறுத்துவிட்டார்கள். தந்தையார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் காலமான பின் கிடங்குப் பரணை ஒழித்தபோது, சாக்கில் சுற்றிய ரேடியோ கிடைத்தது. குமிழ்களும் திருகுகளும் ஒரு டப்பாவில் தனியாக இருந்தன. ஒன்று கூடக் குறையவில்லை.

அந்தக் காலத்து அம்பாசடர், பிரீமியர் பத்மினி, நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகளில் ரேடியோ பெரும்பாலும் தனிச் செலவு. வேண்டியவர்கள் தனியாக வாங்கிப் பொருத்திக் கொள்வார்கள். ரேடியோ வைத்திருக்கத் தபால் நிலையத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டி உரிமமும் பெற வேண்டியிருந்தது. அந்த உரிம முறை 1980களில் நீங்கியது.

இனி, பொருத்தும் முறைக்கு வருவோம்.

முதலாவது, எர்த். இப்போதைய வண்டிகளில் பாட்டரியின் நெகட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். டைனமோ காலத்து வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனை சேர்ந்திருக்கும். பிற்காலத்தில் ஆல்டர்னேட்டர் போடும்போது இதை மாற்றியிருப்பார்கள். ரேடியோவோ பழைய முறையிலேயே இருக்கும். மாற்றிக் கொடுத்தால் டிரான்சிஸ்டர்கள் கருகிவிடும். சில ரேடியோக்களில் முனை மாற்றும் வசதி உண்டு; பின்பக்கம் பார்க்கவும். நாங்கள் இதைப் பார்க்காமல் ஆவலில் பாட்டரியில் நேராகக் கொடுத்தோம். புகைதான் வந்தது. விமானப்படையில் ரேடியோ பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கிச் சரிசெய்து கொடுத்தார். நல்ல சரக்கையும் அவசரம் கெடுக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

இரண்டாவது, ஸ்பீக்கர். ஸ்பீக்கர் இணைக்காமல் பழைய ரேடியோவுக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. ஓம் அளவும் ரேடியோவில் குறித்தபடியே இருக்க வேண்டும்.

மூன்றாவது, கண்டென்சர். பல ஆண்டு சும்மா கிடந்த ரேடியோவில் எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள் உலர்ந்து போயிருக்கும். தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிய பிறகு, முதலில் மேசைமேல் வைத்தே சோதிக்க வேண்டும். மின் கம்பியில் தனி ஃப்யூஸ் கட்டாயம். வால்வு ரேடியோ என்றால் சூடேறச் சிறிது நேரம் பிடிக்கும். உள்ளே உயர் மின்னழுத்தமும் இருக்கும். அதில் நாம் கை வைக்க வேண்டாம்.

நான்காவது, ஏரியல். அதன் அடிப்பாகம் பாடியோடு துருவின்றிச் சேர வேண்டும். ஏரியல் செருகும் இடத்தருகே பல ரேடியோக்களில் சிறு திருகு ஒன்று இருக்கும். 1400 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் மெல்லியதாய்க் கேட்கும் நிலையத்தை வைத்துக்கொண்டு, ஒலி மிகப் பலமாகும்வரை அதைத் திருப்ப வேண்டும்.

ஐந்தாவது, இரைச்சல். என்ஜின் ஓடும்போது மட்டும் கரகரப்பு வந்தால் பழுது ரேடியோவில் இல்லை. இக்னிஷன் காயிலிலும் டைனமோவிலும் போடும் கண்டென்சர், ஸ்பார்க் பிளக் கம்பியின் தடுப்பு ஆகியவற்றைப் பார்க்கவும்.

கடைசியாக, டேஷ்போர்டு. அறுத்த தகட்டை ஒட்டுப் போடுவதைவிட, புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் அதே மாடல் தகடு தேடுவது நல்லது. எங்களுக்கு நான்கு முறை அலைந்த பிறகே கிடைத்தது.

இந்தியாவில் முதல் எப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. ஆயினும் அந்நாளைய கார் ரேடியோக்களில் பெரும்பாலும் மத்திய அலை, சிற்றலை மட்டுமே கிடைக்கும். மத்திய அலை நிலையங்களும் குறைந்து வருகின்றன. புதுப் பாட்டு வேண்டுவோர் வெளித்தோற்றத்தைத் தொடாமல் உள்ளே ஓர் இணைப்புக் கம்பி கொடுத்துக் கொள்ளலாம். முகப்பில் துளை மட்டும் போட வேண்டாம்.

எல்லாம் முடிந்து குமிழைத் திருப்பியபோது சென்னை நிலையம் தெளிவாகக் கேட்டது. செய்தி முடியும்வரை வண்டியில் இருந்த யாரும் பேசவில்லை. செலவுக் கணக்கை எழுதி வைத்திருக்கிறோம்; இலாபக் கணக்கு எழுதத் தெரியவில்லை.

ஆகவே, வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும் திருகோடு சேர்த்துக் கட்டி, பெயர் எழுதி வைப்போம். தந்தையார் அன்று வாய் திறந்து சொல்லாமல் செய்து வைத்துவிட்டுப் போனது அதுதான்.