ஆதனமும் சாதனமும்

யாழ்ப்பாணத்தார் காணியைக் கண்ணெனக் காப்பவர் என்பது யாவரும் அறிந்ததே. வேலிக் கதியால் ஒரு முழம் நகர்ந்தமைக்காகத் தலைமுறையாக வழக்காடிய குடும்பங்கள் எம் கிராமங்களில் உள. ஆயினும் அத்துணை அருமையாகக் காத்த ஆதனத்தைத் தமக்குப்பின் யார், எவ்வாறு, எதன்பொருட்டு ஆளவேண்டுமென எழுதிவைக்கப் பலர் தயங்குவர். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழப் பெற்றோர் ஊரிலே தனித்திருக்கும் இக்காலத்தில் அத்தயக்கம் பெருந்துன்பத்துக்கு வித்தாகும். யாம் சட்டம் பயின்றேமல்லேம். எனினும் பழைய மாணவர் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இம்மலரிலே தொகுத்துரைக்க முற்படுகின்றோம்.

எம்மவர் ஆதனத்துக்கு அடிப்படையாயுள்ளது தேசவழமை. ஒல்லாந்தர் ஆட்சியிலே திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக் என்பார் இதனை 1707ஆம் ஆண்டளவில் தொகுத்தார். முதலியார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டு ஏற்றனர். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்டவலு அளித்தனர். பின்னர் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் 1947ஆம் ஆண்டின் திருத்தமும் அதனைப் பெரிதும் மாற்றின. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் பாகுபாடு இவ்வழமையின் உயிர்நாடி எனலாம். முன்னோர்வழி வந்தது முதுசம். மணத்தின்போது பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது சீதனம். இல்லறக் காலத்தில் ஈட்டப்பட்டது தேட்டம்.

இப்பாகுபாட்டை அறியாமையால் விளையும் இடர் ஒன்றைக் காட்டுவோம். மரணசாதனம் எழுதாது ஒருவர் இறப்பின், அவருடைய தேட்டத்தில் ஒரு பாதி மனைவிக்கும் மறுபாதி உரித்தாளர்க்கும் சேரும். முதுசமோ பிள்ளைகளுக்கே இறங்கும். எனவே கணவனின் முதுசக் காணியிலே கட்டிய வீட்டில் நாற்பதாண்டு விளக்கேற்றிய தாய், தன் பிள்ளைகளின் வீட்டிலே குடியிருப்பவள் ஆகிவிடுகின்றாள். பிள்ளைகளுள் ஒருவர் தம் பங்கை விற்க விரும்பின் அவள் நிலை யாது? கணவன் வாழுங்காலத்திலேயே மனைவிக்குச் சீவிய உரித்து வைத்து உறுதி முடித்திருப்பின், அல்லது மரணசாதனத்திலே அதனைக் குறித்திருப்பின், இக்கேள்வி எழாது.

மரணசாதனம் எழுதும் முறையை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வகுத்துள்ளது. நொத்தாரிசு முன்னிலையிலே சாட்சிகள் இருவர் கூடியிருக்கக் கையொப்பமிடல் ஒரு முறை. நொத்தாரிசு இல்லாவிடத்துச் சாட்சிகள் ஐவர் முன் ஒப்பமிடல் மற்றொரு முறை. காணியை விற்றலும் நன்கொடையாக ஈதலும் நொத்தாரிசு முடிக்கும் உறுதியாலன்றிச் செல்லா. முடித்த உறுதியைக் காணிப் பதிவகத்திற் பதியாது பெட்டியிலே பூட்டிவைத்தலும் தவறாகும். விலைகொடுத்துப் பின்வாங்கிய ஒருவர் வஞ்சனையின்றித் தம் உறுதியை முந்திப் பதிந்தாராயின், 1927ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அவருறுதியே மேலோங்கும்.

இனி, தருமசாதனம் பற்றிச் சிறிது கூறுவாம். ஒருவர் தம் ஆதனத்தை மற்றொருவரிடம் ஒப்படைத்து, அதன் பயன் மூன்றாமவர்க்கோ ஒரு தருமத்துக்கோ சேருமாறு செய்வதே நம்பிக்கைப் பொறுப்பு. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இதனை ஆளுகின்றது. நோக்கம், பயன்பெறுவோர், ஆதனம், பொறுப்பாளர் என்பன ஐயமின்றி விளங்க வேண்டும். பொறுப்பாளர் அதனாற் சொந்த ஆதாயம் தேடலாகாது. கோவிலுக்கும் மடத்துக்கும் வாய்மொழியாற் காணி விட்ட முன்னோர் பலர். முறையான சாதனம் இல்லாவிடினும், சூழ்நிலைகளைக் கொண்டு தருமம் உண்டென நீதிமன்றம் காணலாம் என அச்சட்டத்தின் 107ஆம் பிரிவு இடமளிக்கின்றது. ஆயினும் வழக்காடி நிலைநாட்டும் தருமத்தினும் எழுதிவைத்த தருமமே நன்று.

தருமத்தின் நோக்கம் காலத்தால் மாறுதலும் உண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் இடத்திலே 1974இல் பல்கலைக்கழக யாழ்ப்பாண வளாகம் எழுந்தது. கல்விக்கென நின்ற இடம் கல்விக்கே நிலைத்தது நற்பேறு. எல்லாத் தருமங்களுக்கும் அப்பேறு வாய்க்குமென எண்ணியிருத்தல் கூடாது. குறித்த நோக்கம் நிறைவேறாவிடத்து ஆதனம் எப்பணிக்குச் செல்லவேண்டும், ஒரு பொறுப்பாளர் மறைந்தபின் அடுத்தவரை யார் நியமிப்பது என்பவற்றையும் சாதனத்திலே எழுதுதல் வேண்டும்.

தக்க சட்டத்தரணியைத் தேர்வது எங்ஙனம்? அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற பழைய பிரிவு 1974இல் நீங்கிவிட்டது. இன்று சட்டத்தரணி என்பதே பெயர். உறுதி முடிப்பவர் நொத்தாரிசாகவும் அனுமதி பெற்றிருத்தல் வேண்டும். தேசவழமையிலே பழக்கமுண்டா எனக் கேளுங்கள். பதிவகத்திலே ஏடுகளைத் தேடிப்பாராது உறுதி எழுத முன்வருபவரை விலக்குங்கள். மணமான பெண் தன் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டுமென்னும் 1911ஆம் ஆண்டு விதியையும், உடன்பங்காளரின் முன்வாங்கும் உரிமை பற்றிய 1947ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அவர் எடுத்துரைக்கின்றாரா எனக் கவனியுங்கள். எழுதியதை உங்களுக்கு விளங்கும் தமிழில் வாசித்துக் காட்டுபவரே நல்லவர். கூலி குறைவென்பது மட்டும் தகுதியாகாது.

போரிலும் இடப்பெயர்விலும் உறுதிகளை இழந்தோர் எம்மிடையே பலர். அவர்கள் காணி எண், உறுதி இலக்கம், முடித்த நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றுள் நினைவிலுள்ளதைக் கொண்டு பதிவகத்திலே தேடுவித்துப் பிரதி பெற முயலுதல் வேண்டும். முதியோர் நினைவு தெளிவாயிருக்கும்போதே இதனைச் செய்தல் நலம். பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர்வரும் நாளிலே விருந்தோடு இதனையும் பேசி முடிப்பீர்களாயின், பிற்காலத்தில் உடன்பிறந்தார் நீதிமன்ற வாயிலிலே ஒருவரையொருவர் பாராமுகமாய் நிற்கும் நிலை வாராது.