தோல் வியாதி மாத்திரையும் புற்றுநோய் பயமும்

சோரியாசிஸ், கொப்புளம் கொப்புளமாக வரும் பெம்ஃபிகஸ் போன்ற தோல் வியாதிகள் கிருமியால் வருபவை அல்ல; யாருக்கும் ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே தடம் மாறி நம் தோலைத் தாக்குகிறது. அதனால் அந்த சக்தியைக் கொஞ்சம் அடக்கி வைக்கிற மாத்திரைகளை வருஷக்கணக்கில் தர வேண்டியிருக்கிறது. இங்கேதான் சிக்கல். உடம்பில் அவ்வப்போது கோளாறாக முளைக்கிற செல்களை ஒழிப்பதும் இதே சக்திதான். காவல்காரனைத் தூங்க வைத்தால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே!

ஆனால் எல்லா மருந்தும் ஒன்றல்ல. அஸதியோபிரின், சைக்ளோஸ்போரின் இரண்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1990-க்குள்ளாகவே புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை என்று பட்டியலிட்டுவிட்டது. சோரியாசிஸுக்கு அதிகம் தரப்படும் மெதோட்ரெக்ஸேட் அந்தப் பட்டியலில் இல்லை. (அதில் ஈரலைப் பற்றியும் ரத்த அணுக்களைப் பற்றியும்தான் கவலை.) சைக்ளோஸ்போரினை சோரியாசிஸுக்குப் பொதுவாக ஓரிரு வருஷத்துக்கு மேல் நீட்டுவதில்லை. 'புவா' என்ற ஒளி சிகிச்சை நிறைய எடுத்தவர்களுக்கு அதைத் தரவே யோசிப்பார்கள்.

என் நாத்தனார் இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "அண்ணி, செதில் உதிர்ந்தா உதிரட்டும், கேன்சர் வேண்டாம்" என்று மெதோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிட்டாள். யாரோ கொடுத்த பொடியில் பத்தே நாளில் தோல் பளிச்சென்று ஆனது. இப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. பொடி தீர்ந்ததும் உடம்பு முழுக்கச் சிவந்து, 12 நாள் ஆஸ்பத்திரி வாசம்.

அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: பயமுறுத்துகிற கணக்குகளில் பெரும்பகுதி சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுடையது. அவர்கள் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து ஆயுள் முழுக்கச் சாப்பிடுகிறவர்கள். நாத்தனாருடைய மாத்திரையோ வாரத்துக்கு ஒரே ஒரு நாள்! (தினமும் என்று நினைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.)

அஸதியோபிரின் சாப்பிடுகிறவர்கள் உச்சி வெயிலில் மொட்டை மாடியில் வடாம் பிழிய உட்கார வேண்டாம். அந்த மருந்து தோலை வெயில் தாங்காமல் செய்துவிடும். குடையும் முழுக்கை ரவிக்கையும் நல்லது. ஆறாத புண், புதிதாக வளரும் மரு, கழுத்திலோ அக்குளிலோ கட்டி, காரணமில்லாமல் மெலிவது, இவற்றை உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடும் பெண்கள் கர்ப்பப்பை வாய்க்கான பாப் ஸ்மியர் பரிசோதனையை எப்போது, எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை செய்துகொள்வது என்று அடுத்த முறை போகும்போதே கேட்டுவிடுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.